கண்ணீர் இல்லை என்பதற்கு ஒரு கடிதம்

என்னால் ஐந்து நிமிடம் சும்மா இருக்க முடியாது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாங்கில் இருந்து காலாட்டிக் காலாட்டியே பக்கத்தில் இருந்தவனின் மைப்போத்தலைக் கவிழ்த்தவன் நான். என் கலியாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, நான் மாலையில் இருந்த பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன் என்று மனைவி இன்றைக்கும் வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லுவாள். கலியாணப் படத்தில் அதற்குச் சாட்சியும் இருக்கிறது. மாலை ஒரு பக்கம் மொட்டை. இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த தொழில், மற்றவர்களுக்கு முன்னால் இருந்து ஐந்து ஐந்து நிமிடமாகக் காத்திருப்பது.

நான் கண் வறட்சியை ஆராய்கிறவன். கண்ணில் இருக்கவேண்டிய ஈரம் சிலருக்கு ஏன் குறைகிறது, குறைந்தால் என்ன நடக்கிறது என்பதுதான் என் பாடம். பெரிய கருவிகள் எல்லாம் உண்டு. ஆனால் பாதி வேலை ஒரு கடதாசித் துண்டில் நடந்துவிடும். மை ஒற்றும் தாள் போல ஈரத்தை உறிஞ்சும் கடதாசி, நெருப்புக் குச்சியைவிடக் கொஞ்சம் அகலம். நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் கொளுவிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஈரம் எத்தனை மில்லிமீற்றர் ஊறியிருக்கிறது என்று பார்ப்பது. பதினைந்து என்றால் சந்தோசம். பத்துக்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். ஐந்துக்குக் கீழே என்றால் நான் யோசித்துப் பயனில்லை. கண் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

ஏனென்றால் நான் வைத்தியன் அல்ல. என் பெயருக்கு முன்னால் இருப்பது ஆராய்ச்சிக்குக் கிடைத்த கலாநிதிப் பட்டம். ஆனால் ஊர் முழுக்க என்னை ‘டொக்ரர்’ என்றுதான் கூப்பிடும். காலில் ஆணி குத்தியவர்கள், பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றவர்கள், ஒருமுறை சினைப்பட்ட ஆட்டைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்த ஒருவர் என்று பலபேரை ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். காய்ச்சலுக்கு ஒரு குளிசை எழுதித் தரவும் எனக்கு உரிமை கிடையாது.

குளிர் நாடொன்றில்தான் படித்தேன். அங்கே கண் காய்கிற விதத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன அறை. இயந்திரம் வைத்து உலர்ந்த காற்றை அடிப்பார்கள், உள்ளே ஆட்களைக் கதிரையில் இருத்தி வைப்பார்கள். ஊருக்குத் திரும்பி வந்து முதல் சோளகக் காற்றில் தெருவுக்கு இறங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் அறை கட்டி உண்டாக்கிய காற்று இங்கே மாதக்கணக்கில் சும்மா அடிக்கிறது, கூடவே செம்மண் புழுதியையும் கொண்டுவருகிறது. தோட்டத்தில் குனிந்து நிற்பவர்களின் கண் என்ன பாடுபடும்? சில வருடங்களுக்கு முன்னர் வலிகாமத்துத் தோட்டக் கிராமங்களில் ஆட்களைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கத் தொடங்கினேன்.

மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில்தான் என் வாய் என்னைக் கெடுத்தது.

கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். இலவசமாகக் கண்ணாடி தருகிறார்கள் என்று நினைத்து வந்த கூட்டம் முற்றம் வரை நின்றது. கண்ணாடி இல்லை, கடதாசிதான் என்றதும் பாதிப்பேர் சைக்கிளைத் திருப்பினார்கள். மிச்சப்பேரையாவது பிடித்து வைக்க வேண்டுமே என்று நான் ஒரு முசுப்பாத்தி விட்டேன்.

“இது சோதினை மாதிரித்தான். பதினைஞ்சு எடுத்தால் பாஸ். அஞ்சுக்குக் கீழை எண்டால் ரவுண் ஆசுப்பத்திரியிலை போய்த் திருப்பி எடுக்கவேணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிய சைக்கிள்களில் நாலைந்து மறுபடியும் திரும்பின. யாழ்ப்பாணத்தில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அது புள்ளி இல்லை என்று எவருக்கும் விளங்கப்படுத்த முடியாது என்பதை நான் மறந்துபோனேன். மத்தியானத்துக்குள் முற்றத்தில், “உனக்கு எத்தினை?” “பதினெட்டு.” “அவளுக்கு இருவத்திரண்டாம், அவள் சின்னனிலையே கெட்டிக்காரி” என்று கதை போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு எடுத்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மீள்பரிசீலனை கேட்டார். எனக்கு நல்ல குதூகலம். அன்று வீட்டுக்குப் போய் இதையெல்லாம் நடித்தும் காட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலையில், ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் என் அறை வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். உள்ளே வந்தும் கழற்றவில்லை. கதிரையின் நுனியில் இருந்தார். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்.

“டொக்ரர், எனக்கு ஒரு கடிதம் வேணும்.”

“என்ன கடிதம், தங்கச்சி?”

“எனக்குக் கண்ணீர் வராது எண்டு. சீல் வைச்சு.”

இருபத்தைந்து வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. நான் கடிதத் தாளை எடுப்பதா, சிரிப்பதா என்று தெரியாமல் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்ன விசயம் இது. போன வருடம் அவருடைய மாமி, அதாவது கணவரின் தாய், மோசம் போய்விட்டார். மாமிக்குப் பெண் பிள்ளைகள் மூன்று பேர்: மூத்தவர் பிரான்சில், மற்ற இருவர் கனடாவிலும் லண்டனிலும். ஒருவராலும் வரமுடியவில்லை. அதனால் செத்தவீட்டை வீடியோக்காரரைப் பிடித்து நேரலையாக அனுப்பினார்கள். இப்போது இங்கே எல்லாச் செத்தவீட்டிலும் நடப்பதுதான். வீடியோக்காரர் பிரேதத்தின் தலைமாட்டில் இருந்த மருமகளை நாலு மணித்தியாலம் நன்றாகக் காட்டியிருக்கிறார். அந்த நாலு மணித்தியாலத்தில் மருமகளின் கண்ணில் இருந்து ஒரு சொட்டு விழவில்லை.

“மூத்த மச்சாள் அண்டைக்கே ஃபோன் எடுத்துக் கத்தினவ. பேந்து கதைக்கேல்லை. அவ கதைக்காட்டில் மற்ற ரண்டு பேரும் கதைக்கமாட்டினம். வாற கிழமை ஆட்டைத் திவசத்துக்கு வாறா, டொக்ரர். திவசத்தைக் கோயில் மடத்திலை வைக்கப்போறாவாம். எங்கடை வீட்டிலை பச்சைத்தண்ணியும் வாயிலை வைக்கமாட்டாவாம்.”

“உங்கடை அவர் என்ன சொல்லுறார்?”

“அவர் என்ன சொல்லுறது. அவை அவரின்ரை சகோதரங்கள். வெளியிலை மோட்டச்சைக்கிளிலை இருக்கிறார். உள்ளுக்கு வாங்கோ எண்டன், வெக்கமாம்.”

ஆட்டைத் திவசம், அதாவது வருட முடிவுத் திவசம், இறந்தவரின் வீட்டில்தான் நடக்கும். மாமி இருந்த வீட்டில், மாமியைப் பார்த்த மருமகள் சமைத்துப் படைப்பதுதான் முறை. அதைத் தூக்கி மடத்தில் வைப்பதென்றால், ஊர் முழுக்கக் கூட்டி அந்தப் பெண்ணை வெளியே நிறுத்துவது போலத்தான்.

அவர் எங்கள் பரிசோதனைக்கு வந்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மேசை லாச்சியில் இருந்து அந்தக் கிராமத்துக் கோப்பை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்து. வலது கண் பதினாறு, இடது கண் பதினேழு.

“தங்கச்சி, உங்களுக்குக் கண்ணீர் இருக்கே. பதினாறு.”

அவர் தலையைக் குனிந்தார். “அது… கழுவினனான்.”

“என்னத்தை?”

“கண்ணை. ஆசுப்பத்திரிக்கு அனுப்புவினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்ப வெங்காயம் கிளப்புற நேரம், டொக்ரர், ரவுணுக்கு அலைய ஏலாது. குழாயடியிலை போய்க் கண்ணை வடிவாய்க் கழுவிப்போட்டு, துடையாமல் வந்து இருந்தன். நான் மட்டுமில்லை, எங்கடை ஒழுங்கையாலை வந்த எல்லாரும் கழுவினவை.”

எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி யன்னலடிக்குப் போனேன், திரும்பி வந்தேன். அந்தக் கிராமத்தின் எண்களை வைத்து நான் எழுதிய கட்டுரை ஏற்கெனவே ஒரு சஞ்சிகைக்குப் போயிருந்தது. “இப்பகுதித் தோட்ட மக்களின் கண்ணீர் வியக்கத்தக்க அளவு ஆரோக்கியமாக உள்ளது” என்ற மாதிரி ஒரு வசனம். வியந்தவன் நான்தான். குழாய்த் தண்ணீரைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

“வெங்காயம் உரிக்கேக்கை கண் எரியுமோ உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“இல்லை. கன வருசமாய் இல்லை. கலியாண வீடுகளிலை வெங்காயம் உரிக்க என்னைத்தான் கூப்பிடுவினம். பெரிய சட்டி முழுக்க உரிப்பன், கண் கலங்காது.”

வெங்காயத் தோட்டங்களுக்குள் அலைந்து அத்தனை பேரிடம் அத்தனை கேள்வி கேட்ட நான், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எங்கள் கேள்வித்தாள் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் குளிரூட்டி இருக்கிறது, கணினி இருக்கிறது, வெங்காயம் இல்லை.

ஆனாலும் நான் உடனே கடிதம் எழுதவில்லை. கண் வறட்சி உள்ளவர்களில் பெரும்பாலானோர் கவலை வந்தால் நன்றாகவே அழுவார்கள். சாதாரணமாகக் கண்ணை நனைத்து வைத்திருக்கும் ஈரம் வேறு, அழுகையிலோ வெங்காயத்திலோ கொட்டுகிற கண்ணீர் வேறு. இரண்டும் வற்றிப்போவது சிலருக்குத்தான். அதைப் பார்க்க இன்னொரு சோதனை உண்டு: கடதாசியை வைத்துவிட்டு, பஞ்சுக் குச்சியால் மூக்கின் உட்பக்கத்தைக் கிளறுவது. கண்ணீர் இருக்கிற எவருக்கும் அதில் ஊற்றும்.

“ஊத்தினால் கடிதம் இல்லை, தங்கச்சி. சொல்லிப்போட்டன்.”

“ஊத்தாது.”

“ஊத்தினால்?”

“ஊத்தாது, டொக்ரர். ஆனா மச்சாள் வந்தாப் பிறகு, அவவுக்கு முன்னாலை செய்யுங்கோ. கடிதத்தை மட்டும் காட்டினால் காசு குடுத்து எழுதுவிச்சது எண்டுவா.”

ஒருவரின் பரிசோதனையை இன்னொருவருக்கு முன்னால் செய்வதற்கு எங்கள் ஒழுக்கவியல் குழுவிடம் படிவம் இல்லை. நானே ஒன்று தட்டச்சடித்தேன். “எனது மச்சாள் பார்வையிடுவதற்குச் சம்மதிக்கிறேன்.” அவர் அதை இரண்டு தரம் வாசித்து, வடிவாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். வாசலில் மோட்டார்சைக்கிள் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் முழுக்க நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. கோப்புகளைப் புரட்டினேன், ஞாபகம் இருந்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருத்தி அம்மாவின் கண்மருந்தை விட்டுக்கொண்டு வந்தாளாம். பன்னிரண்டு எடுத்த அதிபர், மீள்பரிசீலனையில் பாஸ் பண்ணவேண்டும் என்பதற்காக, செத்துப்போன தன் நாயை நினைத்துக்கொண்டு இருந்தாராம். “நல்ல நாய், டொக்ரர்” என்றார். சஞ்சிகைக்குக் கட்டுரையைத் திருப்பித் தரும்படி எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ஆராய்ச்சியாளர் முசுப்பாத்தி விட்டார் என்பதற்கு ஆங்கிலத்தில் மரியாதையான ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செத்தவீட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அது இன்னும் இணையத்தில் கிடந்தது. அந்தப் பெண்தான் இணைப்பு அனுப்பியிருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஆரின்ரை செத்தவீடு?”

“தெரியாத ஆக்கள்.”

“தெரியாத ஆக்களின்ரை செத்தவீட்டை ஏனப்பா இருந்து பாக்கிறியள்?”

“கண் வெட்டுறதை எண்ணுறன்.”

அவள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு என்னைப் பற்றி நினைக்க நேரம் வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய இடங்களில் எண்ணினேன். பக்கத்தில் இருந்த பெண் ஒருமுறை கண்ணை இமைக்கிற நேரத்தில் அவர் நாலு ஐந்து முறை வெட்டினார். கண்ணுக்குள் மண் விழுந்தவரைப் போல. ஆனால் அது போதாது. அழுகிறவர்களும் அப்படி வெட்டுவார்கள். கடதாசி நனைந்துவிட்டால் என்ன செய்வது என்பதே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்தால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால், அந்தப் பெண் மச்சாளின் முன்னால் என் வாயாலேயே பொய்க்காரி ஆகிவிடுவார். ஒரு இரண்டு மில்லிமீற்றரைக் குறைத்துச் சொன்னால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். இதை நினைத்தேன் என்பதை இங்கே எழுதவும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். மூத்த மச்சாளுக்கு அறுபதை நெருங்கும். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். பிரான்சில் ஒரு ரெஸ்ரோறண்ட் குசினியில் முப்பது வருட வேலை என்று சொன்னார். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நீர் டொக்ரரோ?”

“கலாநிதி, அக்கா. மருந்து எழுதுற டொக்ரர் இல்லை.”

“அப்ப என்னத்துக்கு உம்மிட்டைக் கடிதம்?”

“மச்சாள், இவர் கண்ணீர் அளக்கிறவர்,” என்றார் மற்றவர்.

“கண்ணீரை என்னெண்டு அளக்கிறது? போத்தலிலையோ?”

கடதாசியை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

“உது நனையாத கடதாசி எண்டால் எனக்கு என்னெண்டு தெரியும்? எனக்கும் போடும். எனக்கு நனைஞ்சு அவவுக்கு நனையாட்டிப் பாப்பம்.”

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்பது என் தொழிலின் முதலாவது பாடம். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு திரிந்த எனக்கு அது தோன்றவே இல்லை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினேன். இந்த முறை நானே நின்று பார்த்தேன், ஒருவரும் குழாயடிக்குப் போகவில்லை. நாலு கண்ணிலும் நாலு கடதாசி. கண்ணை மூடச் சொன்னேன். மணிக்கூட்டை அமத்தினேன்.

அரை நிமிடம்தான் அமைதி.

“தம்பி, நான் படிக்காதவள். ஆனா எனக்குக் கண் இருந்தது, பாத்தனான்,” என்றார் மூத்தவர், கண்ணை மூடியபடி. இமையில் இருந்து தொங்கிய கடதாசிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆடின. “என்ரை அம்மா கிடக்கிறா. உவ கறுப்புக் கண்ணாடியோடை இருக்கிறா, படத்திலை நடிக்கிற ஆக்கள் மாதிரி.”

“வெளிச்சம் குத்தினது, மச்சாள்,” என்றார் மற்றவர், அவரும் கண்ணை மூடியபடி.

“பக்கத்திலை தண்ணிப் போத்தல். ஒவ்வொரு ஆள் வந்து கும்பிடேக்கையும் ஒரு மிடறு. கலியாண வீடோ?”

“வாய் ஒட்டினது.”

“சாம்பிராணி போட எழும்பிப் பின்னாலை போயிட்டா. தேவாரம் படிக்கேக்கை உவ விரலைப் பிசைஞ்சு பிசைஞ்சு நெட்டி முறிக்கிறா. எப்ப முடியும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிற ஆள் மாதிரி.”

“விரல் நோ. காலமையிலை மடக்க ஏலாது.”

நான் அறைக்குள் நடந்துகொண்டிருந்தவன், நின்றுவிட்டேன். அந்த வீடியோவை நானும்தான் பார்த்தேன், எண்ணி எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது. இந்த மனுசி ஒரு வருடமாகக் கோபத்தோடு சேர்த்து வைத்திருந்த குற்றப்பட்டியல், நாங்கள் படிவத்தில் கேட்டு எழுதுகிற நோய் வரலாறு. வெளிச்சம் கூசுவது, புகை தாங்காதது, வாய் வறள்வது, விரல் மூட்டு நோ. ஒன்றும் விடவில்லை. மேசையில் இருந்த தாளை எடுத்து அவசரமாக எழுதத் தொடங்கினேன்.

“அம்மா என்னைப் பெத்த…” மூத்தவரின் குரல் உடைந்தது.

“அக்கா, அழாதேங்கோ, அழுதால் அளவு பிழைக்கும்!”

“நான் அழேல்லை, கதைக்கிறன்!”

அவருடைய கடதாசி அடிவரை நனைந்து கன்னத்தில் ஒட்டிவிட்டது. மற்றவருடையதில் மடித்த இடத்தில் மட்டும் ஒரு நிழல். ஒரு மில்லிமீற்றர் என்று சொல்லலாம், மனம் இருந்தால்.

புதுக் கடதாசி வைத்தேன். பஞ்சுக் குச்சியை எடுத்தேன். மூத்தவர் மூன்று தரம் தும்மி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, “அடப் பாவி!” என்றார். அது நான்தான். கண் இரண்டாலும் ஊற்றியது. மற்றவர் மூக்கைச் சுளித்தார், தும்மினார், முகம் சிவந்தது. கண் மட்டும் அதைக் கேள்விப்படாதது போல இருந்தது. கடதாசி காய்ந்தே இருந்தது.

“சைபரோ, டொக்ரர்?”

“சைபர்தான்.”

அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் எந்தப் பெறுபேற்று நாளிலும் காணவில்லை. “பாத்தீங்களோ, மச்சாள்!”

“தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ. இது சந்தோசப்படுற சைபர் இல்லை,” என்றேன். உடம்பைக் காக்கவேண்டிய காவல், கண்ணுக்கும் வாய்க்கும் ஈரம் தருகிற சுரப்பிகளையே எதிரி என்று நினைத்து அடிக்கிற ஒரு வருத்தம் இருக்கிறது, அதுவாக இருக்கலாம், மூட்டையும் பிடிக்கும், இரத்தம் சோதித்துத்தான் சொல்லவேண்டும், கவனிக்காமல் விட்டால் கருவிழியில் புண் வரும் என்று சொன்னேன். கண் வைத்தியர் ஒருவர் எனக்கு நண்பர். அவர் பார்த்துவிட்டு மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்புவார். இரண்டு வருடத்துக்கு முன்பே இது நடந்திருக்க வேண்டும். என் பகிடியால் நடக்கவில்லை. அதையும் சொன்னேன். அவர் கவனிக்கவில்லை, மச்சாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவர் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “முப்பது வருசமாய் வெங்காயம் வெட்டுறன், இண்டைக்கும் எனக்கு எரியும்,” என்றார் பொதுவாக. பிறகு மற்றவர் பக்கம் திரும்பினார்.

“கண்ணீர் வரேல்லை, சரி. கடதாசி சொல்லுது. அண்டைக்கு உமக்கு அழுகை வந்ததோ? அதைச் சொல்லும்.”

என் தொழிலில் அதற்குக் கடதாசி இல்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஓம் என்று சொல்லுங்கோ தங்கச்சி என்று நான் மனதுக்குள் கத்தினேன். அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார்.

“வரேல்லை, மச்சாள்.”

போத்தலை மூடி மடியில் வைத்தார்.

“எனக்கு நித்திரைதான் வந்தது. மாமியை ரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க விடவேணும், இல்லாட்டி முதுகு புண்ணாப் போடும். நாலு மாசம். மகன் தூக்கினால் அவவுக்குக் கூச்சம், நான்தான் தூக்கவேணும். அண்டைக்குத் தலைமாட்டிலை இருக்கேக்கை, இனி ஆரும் என்னைக் கூப்பிடமாட்டினம் எண்டுதான் நினைச்சனான். பாவம் எண்டு தெரியும். ஆனா அதைத்தான் நினைச்சனான்.”

மூத்தவர் கைப்பையின் வாரைச் சுருட்டினார், விட்டார், திரும்பவும் சுருட்டினார்.

“உதை அண்டைக்கே எனக்குச் சொல்லுறதுக்கு என்ன?”

“நீங்கள் கத்தினீங்கள். வீடியோக்காரன் வேறை முகத்துக்கு நேரை நிண்டவன்.”

“நாலு மாசமோ?”

“கடைசி நாலு மாசம். அதுக்கு முதல் பறவாயில்லை, பகலிலை மட்டும்தான்.”

“திவசம் வீட்டிலைதான்,” என்றார் மூத்தவர். “மடத்துக்கு வேண்டாம் எண்டு என்ரை தம்பியிட்டைச் சொல்லிவிடுறன். ஆனா நீர் குசினிக்குள்ளை வரக்கூடாது.”

மற்றவரின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். நான்தான் வாயைத் திறந்தேன். “ஏன் அக்கா, அவதானே முறைக்கு…”

“நீர் சும்மா இரும், தம்பி. நான் சமைக்கிறன். உவ படுத்து நித்திரை கொள்ளட்டும். நாளைக்கு உந்தக் கண் டொக்ரரிட்டையும் நான்தான் கூட்டிக்கொண்டு போவன். நேரத்தைக் கேட்டுச் சொல்லும்.”

நான் கண் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். நாளை காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னார். அதை ஒரு துண்டில் எழுதி மூத்தவரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, எழும்பி, மற்றவரின் கையைப் பிடித்து எழுப்பப் போனவர், விரல்களைப் பார்த்துவிட்டு முழங்கைக்குக் கிட்டப் பிடித்தார்.

“டொக்ரர், என்ரை கடிதம்?” என்றார் அந்தப் பெண்.

“இனி அது ஆருக்கு?” என்றார் மூத்தவர்.

“கனடா மச்சாளுக்கும் லண்டன் மச்சாளுக்கும்.”

“அவைக்கு நான் சொல்லுறன்.”

“நீங்கள் சொன்னால், எங்கடை வீட்டிலை சாப்பிட்டு நீங்களும் மாறிப்போனீங்கள் எண்டுவினம். சீல் வேணும், மச்சாள். டொக்ரர், ரண்டு பிரதி தாங்கோ.”

நான் இருந்து எழுதினேன். அளந்தது என்ன, எப்படி அளந்தேன், யார் கூட இருந்தார் என்பது மட்டும். மூத்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, உதிலை அந்தத் தண்ணிப் போத்தலையும் எழுதும்,” என்றார். “என்ரை கடைசித் தங்கச்சிக்கு அதிலைதான் பெரிய கோவம்.”